குதிரை நேராக நிற்கிறதா?

எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. "அது", "இது", "அந்தச் சாமான்" என்று யாரும் பேசக் கூடாது. எதையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். "டீச்சர், அது ஒடஞ்சுபோச்சு" என்று ஒரு பிள்ளை ஓடி வந்தால், "எது? அதற்குப் பெயர் கிடையாதா? நாற்காலிக் கால் என்று சொல், சன்னல் கொக்கி என்று சொல்" என்று நிற்கவைத்துச் சொல்லச் செய்த பிறகுதான் அடுத்த வேலை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர் பழக்கிவிட்ட பழக்கம் இது. தோட்டப் பள்ளிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை நான் விட்டதில்லை.

அப்படிப்பட்ட நான், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு, "ஐயா, அது... அதுக்குள்ள ஏதோ கட்டை மாதிரி..." என்று திக்கித் திணறினேன் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். பக்கத்தில் நின்ற என் மகளே அதற்குச் சாட்சி.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்த பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை இழுப்பார். அதற்குள் இருந்தது ஒரு பிடில்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர் ஒருவர் அப்பாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவர் வேலை ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது, அறுபது வெள்ளிக்கு அதை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனாராம். மாதம் ஐந்து வெள்ளியாக ஓராண்டு அனுப்பிக் கடனை அடைத்ததை அம்மா இன்றும் சொல்வார். அந்த ஓராண்டும் வீட்டில் மீன் வாங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். இருந்தாலும் புரட்டாசி சனிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் பஜனையில் அப்பா அதை வாசிக்கும்போது, முன்வரிசையில் உட்காரும் முதல் ஆள் அம்மாதான்.

பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் கண்ணாடி போல ஒரு கட்டி இருக்கும். வாசிக்கும் முன்பு அதை வில்லில் தேய்ப்பார். "என்னப்பா இது, கற்கண்டா?" என்று சிறுவயதில் ஒருமுறை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுவும் மரத்துப் பாலுதாம்மா. நாம கித்தா மரத்தை வெட்டுற மாதிரி, குளிர் தேசத்துல ஊசியிலை மரத்தை வெட்டி எடுக்கிறாங்க. டிரெஸ்ஸர் ஐயா சொன்னாரு." அவர் சொன்னது உண்மைதான். பைன் மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பிசினை எடுத்துக் காய்ச்சி, கர்ப்பூரத் தைலத்தைப் பிரித்த பின் மிஞ்சுவதே ரோசின் என்னும் அந்தக் கட்டி. அதைத் தேய்க்காவிட்டால் வில் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்; ஓசையே வராது.

அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டி எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஏறியது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தூசி தட்டி, மூடியில் ஒரு கீற்று விபூதி வைப்பார். திறக்க மாட்டார். நாங்களும் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு, பதினொரு வயதான என் மகள், "அம்மா, நான் தாத்தா பிடிலைக் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அம்மா கோயிலுக்குப் போயிருந்த வேளையில் பெட்டியை இறக்கித் திறந்தேன். கம்பிகள் நான்கும் துருவேறிக் கிடந்தன. பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியன வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். மரமுளைகளை ஒவ்வொன்றாகத் திருகினேன். நான்கு கம்பியும் தளர்ந்தன. நடுவில் நின்ற சிறு பலகை படக்கென்று சாய்ந்தது. அதோடு விட்டதா? பிடிலின் வயிற்றுக்குள் "டொக்" என்று ஏதோ விழுந்தது.

எடுத்துக் குலுக்கினேன். உள்ளே கடகடவென்று உருண்டது.

அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் உருண்டதைப் போல இருந்தது. மாதம் ஐந்து வெள்ளியாக அப்பா அடைத்த கடனை, ஐந்து நிமிடத்தில் உடைத்துவிட்டேனே! அம்மா திரும்புவதற்குள் பெட்டியை மூடி மேலே ஏற்றிவிட்டேன். மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையன்று அம்மா அதில் விபூதி வைக்கும்போது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டு மறைத்தால் வகுப்பில் எத்தனை உபதேசம் செய்திருப்பேன்!

பள்ளி விடுமுறை வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தையைப் பார்த்துவர மகளோடு புறப்பட்டேன். அத்தை என் அப்பாவின் தங்கை. "பிடிலுக்குக் கம்பி மாத்திக்கிட்டு வர்றேன்மா" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஜொகூர் பாருவில் 170-ஆம் எண் பேருந்து ஏறி, பாலத்தைக் கடந்து, குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்கும் வரை, பேருந்து குலுங்கும் போதெல்லாம் மடியில் இருந்த பெட்டிக்குள் அந்தக் கட்டையும் உருண்டுகொண்டே வந்தது.

சிராங்கூன் சாலையில் மிருதங்கம், ஆர்மோனியம், சுருதிப் பெட்டி எல்லாம் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தோம். கடைக்காரர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"என்னங்கம்மா பழுது? பிருடை தேஞ்சு வழுக்குதா? குதிரை ஒடஞ்சுபோச்சா? இல்லே தந்தி மட்டும்தானா?"

நான் விழித்தேன். தமிழில்தான் கேட்டார், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அந்த "அது... கட்டை மாதிரி..." என் வாயிலிருந்து வந்தது. என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குமாம்மா பேர் தெரியலே?" என்று மெல்லக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

கடைக்காரர் பிடிலை வாங்கிக் காதருகே வைத்து ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். "உடையலைங்கம்மா. உள்ளே இருக்கிற கம்பம் விழுந்திருக்கு. நாங்க தந்தி மாத்துவோம். கம்பம் நிறுத்துறதுக்குத் தனிக் கை வேணும். பிராஸ் பசா பக்கம் ஒரு சீனப் பெரியவர் இருக்கார்" என்று வழி சொல்லி அனுப்பினார்.

"உடையவில்லை" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. தேக்கா அங்காடியில் மகளுக்குத் தோசையும் எனக்குத் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தேக்கான்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பெயர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நல்ல வேளை, இது எனக்குத் தெரியும். மூங்கில் அடி என்பது போன்ற பொருளுடைய ஹொக்கியன் சீனச் சொல் மருவித் 'தேக்கா' ஆயிற்று. ஒரு காலத்தில் அங்கே மூங்கில் மண்டிக் கிடந்ததாம். அந்த வட்டாரத்திற்கு மலாய்ப் பெயரும் ஒன்று உண்டு: கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி. நம்மவர்கள் மாடு வளர்த்தும் விற்றும் பிழைத்த இடம் அது. இன்றும் அங்கே பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே இருக்கின்றன. ஆங்கிலத்திலும் எருமை, மலாயிலும் எருமை! இப்போது நாம் பார்க்கும் அங்காடிக் கட்டடம் 1982-இல் திறக்கப்பட்டபோது, தேக்கா என்பதையே மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். பொருள் அதேதான். ஆனால் ஜனங்கள் நாக்கு அதற்கு வளையவில்லை. சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லோரும் தேக்கா என்றே சொல்லி வந்தார்கள். கடைசியில் 2000-ஆம் ஆண்டில் பெயர்ப் பலகையும் தேக்கா என்றே மாறியது. புழங்குகிறவர்கள் விடாமல் சொன்னதால் அந்தப் பெயர் பிழைத்தது.

செலிகி சாலை வழியாக நடந்து பிராஸ் பசா போய்ச் சேர்ந்தோம். மாடியில் ஒரு சிறிய பட்டறை. சுவரெங்கும் பிடில்கள், கூடு மட்டும் உள்ளவை, கழுத்து இல்லாதவை, வயிறு திறந்தவை. எழுபது வயது தாண்டிய சீனப் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்குச் சீனம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். அவர் மலாயில் ஆரம்பித்தார். அப்பாடா என்று இருந்தது. அப்புறம் நாங்கள் மூவரும் மலாயில்தான் பேசினோம்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "நான்கு கம்பியையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன்." மூன்று மாதமாக அம்மாவிடம் சொல்ல முடியாததை, முன்பின் அறியாத ஒருவரிடம் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார். "இதைச் செய்யாதவர் யார்? வாசிக்கத் தெரிந்தவர்களே செய்கிறார்கள்" என்றார். பிறகு என் மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டி, "உன் தாத்தாவுடையதா? அப்படியானால் நீ எழுதிக்கொள்" என்றார்.

அன்று என் மகள் எழுதிய பக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதைப் பார்த்தே உங்களுக்கும் சொல்கிறேன். பெரியவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்ல, நான் தமிழாக்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரியாத இடத்தில் கடைக்காரர் உதிர்த்த சொற்கள் கைகொடுத்தன.

ஒரு பிடிலில் சுமார் 70 துண்டுகள் உண்டு. மேல் பலகை, அடிப் பலகை, இரண்டையும் சுற்றி இணைக்கும் விலாப் பலகை. மேல் பலகை ஊசியிலை மரத்தில் ஓர் இனம், இலேசானது. அடிப் பலகையும் விலாவும் மேப்பிள் மரம், உறுதியானது. கழுத்தின் மேல் விரல் ஓடும் கறுப்புப் பலகை நம்முடைய கருங்காலி. உச்சியில் சுருண்டிருப்பது தலைச்சுருள். ஜெர்மானியர் அதை நத்தை என்கிறார்கள். தந்தியை முறுக்கும் மரமுளை பிருடை. தந்திகளின் மறுமுனையைப் பிடித்திருப்பது வால். மேல் பலகையில் இரு பக்கமும் பாம்பு நெளிந்தது போன்ற துளைகள், ஒலி வெளியே வரும் வழி. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர், 150 முதல் 200 இழை வரை. வில்லின் அடியில் கை பிடிக்கும் இடத்தில் இருக்கும் கட்டைக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர்.

"நத்தை, வால், தவளை... இது பிடிலா, மிருகக்காட்சிச் சாலையா?" என்று என் மகள் சிரித்தாள்.

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லி, சாய்ந்து கிடந்த அந்தச் சிறு பலகையைப் பெரியவர் விரலால் எடுத்துக் காட்டினார். இரண்டு கால், நடுவில் பூவேலை, மேலே தந்தி உட்கார நான்கு கோடு. "ஆங்கிலேயர் இதைப் பாலம் என்கிறார்கள். எங்கள் சீனத்தில் இது 'மா'. மா என்றால் தெரியுமா? குடா!"

குடா என்றால் மலாயில் குதிரை.

சட்டென்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "குதிரை ஒடஞ்சுபோச்சா?" என்று கடைக்காரர் கேட்டாரே, அந்தக் குதிரை இதுதான்! அது மட்டுமா? நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சாயங்காலம் கண் முன்னால் வந்து நின்றது. லயத்து வாசலில் அப்பா பிடிலை மடியில் வைத்துக்கொண்டு, "குதிரை சாஞ்சிருக்கு" என்கிறார். ஐந்து வயதுச் சிறுமி நான் தெருக்கோடி வரை ஓடிக் குதிரையைத் தேடுகிறேன். குதிரையும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு கேட்கவும் இல்லை.

வீணையில் தந்தியைத் தாங்கும் உறுப்பை நம் முன்னோர் குதிரை என்று அழைத்தார்கள். பிருடையும் வீணைக்கு உரிய சொல்தான். பிடில் வந்தபோது அந்தப் பெயர்களையே அதற்கும் இட்டார்கள். ஊருக்குத் திரும்பி அகராதிகளைப் புரட்டியபோது, பிரெஞ்சுக்காரரும் அதைச் 'சின்னக் குதிரை' என்றே சொல்வதைக் கண்டேன். சீனரின் 'மா'வைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நம் பழந்தமிழிலும் 'மா' என்ற சொல்லுக்குக் குதிரை என்ற பொருள் உண்டு! தந்தியைச் சுமந்து நிற்கும் அந்தத் துண்டுப் பலகையைப் பார்த்து, கடல் தாண்டிய எத்தனையோ தேசத்தாருக்கு ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

பெரியவர் விளக்கை ஏற்றிப் பிடிலின் துளை வழியே உள்ளே காட்டினார். சுண்டு விரல் பருமன்கூட இல்லாத ஓர் உருண்டைக் குச்சி ஓரமாகக் கிடந்தது. "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான். ஆனால் இது இல்லாவிட்டால் பிடில் வெறும் பெட்டி" என்றார் அவர்.

குதிரையின் ஒரு காலுக்கு அருகே, உள்ளுக்குள், மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே அந்தக் கம்பம் பந்தல் கால் போல நிற்கிறது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மேல் பலகைக்கும், கம்பத்தின் வழியாக அடிப் பலகைக்கும் போய்ச் சேருகிறது. கம்பத்துக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. தந்திகள் குதிரையை அழுத்த, குதிரை மேல் பலகையை அழுத்த, அந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கு தந்தியும் ஒன்றாகத் தளர்ந்தால் அழுத்தம் போய்விடும், கம்பம் சாய்ந்துவிடும். ஆகவே, கம்பி மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வீட்டில் பிடில் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல மூன்று மாதம் தூக்கம் கெட வேண்டாம்.

அந்தக் குச்சியைப் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் 'ஆன்மா' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு குரல் கொடுக்க வைப்பதால் வந்த பெயர் போலும்.

இரண்டு பக்கமும் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றின் முனையில் குச்சியைக் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு, பல் வைத்தியர் கண்ணாடி போன்ற ஒன்றால் பார்த்துப் பார்த்து நிமிர்த்தினார். நான்கைந்து முறை சரிந்தது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. கம்பம் நின்றதும் குதிரையை நிறுத்தி, புதிய தந்திகளை மாட்டினார்.

பிறகு பிடிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உன் அப்பா தரையில் உட்கார்ந்துதானே வாசித்தார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார். மோவாயை வைக்கிற இந்தத் தாங்கி புதுசு போல இருக்கிறது. ஆனால் தலைச்சுருளின் ஓரத்தில் மெருகு தேய்ந்து மரம் தெரிகிறது. உங்கள் ஜனங்கள் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, தலைச்சுருளைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பார்கள். எத்தனையோ வருஷம் ஒரே கால் பட்டுத் தேய்ந்த இடம் இது. மெருகு பூசட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். விடிகாலையில் ஈரப் புல்லில் நடந்து நடந்து வெடித்துப்போன அப்பாவின் பாதம் பட்ட இடம் அது. அதற்கு எந்த மெருகும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பிடில் நம்முடைய வாத்தியம் அல்ல என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான்; 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வட பகுதியில் உருவானது அது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-இல் பிறந்தவர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று, நம் இசைக்குப் பழக்கினார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் பரிசளித்ததாகச் சொல்வார்கள். மேல்நாட்டார் நின்றுகொண்டு மோவாயால் பிடித்து வாசித்ததை, நம்மவர் தரையில் உட்காரவைத்தார்கள். தந்திகளின் சுருதியைச் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிக்கொண்டார்கள். குதிரை என்றும் பிருடை என்றும் பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் அது எப்படி அந்நியமாகும்? சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய இந்திய நுண்கலைக் கழகத்தில் நம் பிள்ளைகள் இன்றும் அதைக் கற்கிறார்கள். ஜொகூரில் ஒரு லயத்து வாசல் வரை அது வந்து சேர்ந்ததே!

அன்று மாலை அத்தை வீட்டுக்குப் போனோம். பெட்டியைப் பார்த்ததும் அத்தை வாயடைத்துப் போனார். "அண்ணன் பொட்டியா இது?" என்று மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார். என் மகள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைச்சுருளைப் பாதத்தில் ஊன்றி, வில்லை வெறும் தந்தியில் இழுத்தாள். இசை ஒன்றும் இல்லை. கதவு கிறீச்சிடுவது போல ஓர் ஓசை. இரண்டாம் தடவை இழுத்தபோது கீழ்த் தந்தி கனமாக ஒருமுறை முழங்கியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். நான் கம்பி கழற்றியது, கட்டை விழுந்தது, மறைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"குதிரை நேரா நிக்குதா?" என்றார் அம்மா.

"அம்மா! உங்களுக்குக் குதிரை தெரியுமா?"

"ஏன் தெரியாது? உங்கப்பா வாசிக்க உக்காரும்போதெல்லாம், 'குதிரை நேரா நிக்குதா பாரு'ன்னு எங்கிட்டதான் கேப்பாரு. அவரு கையில பிடிச்சிருக்கும்போது அவருக்குச் சாய்வு தெரியாதுல்ல? நான் முன்னால உக்காந்து பாத்துச் சொல்லுவேன். அதுக்குத்தான் பஜனையில முன்வரிசை."

வாசகர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. வில்லைக் கையால் தொட்டறியாதவர் என்று நான் நினைத்திருந்த என் அம்மா, அந்த வாத்தியத்தின் காவலாக இத்தனை வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைத் தேடி நான் பாலம் கடந்து சிங்கப்பூர் போனேன். சிராங்கூன் சாலையில் கேட்டு, பிராஸ் பசாவில் கேட்டு, சீனத்திலும் மலாயிலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவோ எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி திறந்ததும் கரும்பலகையில் ஒரு பிடில் வரைந்து, பிள்ளைகளுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒரு வீட்டுப்பாடம் தந்தேன்: "உங்கள் வீட்டுப் பெரியவர்கள் புழங்கிய ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும், அதோடு செய்த ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்."

எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறி நெடுநாள் ஆயிற்று. பால்மரத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் இவர்கள். மறுநாள் ஒருவன் துருப்பிடித்த பால்வெட்டும் உளியைத் தாளில் சுற்றி எடுத்து வந்தான். அவன் எழுதியிருந்த பட்டியலில் மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், நிரை, பெரட்டு என்று இருபதுக்கு மேற்பட்ட சொற்கள். அவற்றில் நான்கு எனக்கே புதியவை. "யாரடா சொன்னது?" என்றேன். "பாட்டி, டீச்சர். ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போதும் பாட்டின்னாலும் விடலே" என்றான். இத்தனை காலமும் யாரும் கேட்காததை ஒருவன் கேட்டுவிட்டான். அந்த மூதாட்டி எப்படி விடுவார்?

என் மகள் இப்போது ஜொகூர் பாருவில் ஓர் ஆசிரியரிடம் சனிக்கிழமை தோறும் போய்க் கற்றுவருகிறாள். சரளி வரிசையில்தான் இருக்கிறாள். வாசிக்க உட்காரும் முன், எதிரில் அம்மாவுக்குப் பாய் விரிப்பாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து பார்ப்பார்.

"குதிரை நேரா நிக்குதா பாட்டி?"

"நிக்குது. நீ வாசி."